உடைமரத்துக்கு ஒரு சாட்சி

1

இந்தக் கதை ஓர் ஒட்டகச்சிவிங்கியில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மிசிசாகாவில் இருக்கும் மிதுனன் என்ற தம்பி மரங்களுக்கென்று ஒரு சிறப்புமலர் போடுகிறார். அட்டைப்படத்தை முதலில் செய்துவிட்டுப் பிறகு கதை தேடினார். சிவந்த வானம், தட்டையாக விரிந்த ஒரு மரம், பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி.

"அக்கா, உந்தப் படத்துக்கு ஏத்தமாதிரி ஒண்டு தாங்கோ. ஆபிரிக்கா ஃபீலிங் வரவேணும்."

சரி என்றேன். எழுத வந்தவள் எதையும் எழுதலாம் என்ற திமிர் எனக்கு உண்டு.

தொடக்கம் அ: சவன்னாவின் செம்மண்ணில் சூரியன் மெல்லச் சரிந்தபோது, தனிமையே உருவாக நின்ற அந்த

(எந்த? நான் ஆபிரிக்காவில் கால் வைத்ததே இல்லை.)

தொடக்கம் ஆ: படத்தில் நிற்கும் ஆபிரிக்கக் குடைவேல மரத்துக்கு இரண்டு வகை முள். ஒன்று நீளம், வெள்ளை, நேர். மற்றது குட்டை, வளைவு. நீண்டதற்குத் தப்பினால் வளைந்தது பிடித்து இழுக்கும். ஒட்டகச்சிவிங்கி அதையும் விலக்கி இலை தின்னும். நெற்றைத் தின்ற விலங்குகள் விதையைத் தூர தேசத்துக்குக் கொண்டுபோய்

(இது கதையா, ஆறாம் வகுப்பு விஞ்ஞானமா?)

2

மூன்றாவது தொடக்கத்தை யோசித்துக்கொண்டிருந்தபோது றெமிஜியஸ் படியேறி வந்தார். அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருக்கிறார். நாற்பத்தொரு வயது, மன்னார்த் தீவில் பேசாலைக்காரர். இங்கே வரும் வழியில், காசு வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவரை ஒன்பது மாதம் கென்யாவில் அடைத்து வைத்திருந்தான். கையில் ஒரு கடிதம். அகதிக் கோரிக்கையை நிராகரித்திருந்தார்கள்.

"அக்கா, உதிலை இருக்கிற இங்கிலிஷ் விளங்குது. ஆனா என்ன சொல்லுறாங்கள் எண்டுதான் விளங்கேல்லை."

வாசித்தேன். அவர் கொடுத்த ஆதாரங்களில் முக்கியமானது ஒரு புகைப்படம். அவரும் தம்பி யூட்சனும் ஒரு மரத்தின் கீழே தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். 2008இல் எடுத்தது. எடுத்துப் பதினோராம் நாள் யூட்சனை இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. தம்பி எங்கே என்று கேட்டு ஊர்வலங்களில் நின்றதற்காகத்தான் றெமிஜியஸை மிரட்டினார்கள். வழக்கே யூட்சன்தான். யூட்சனின் கடைசிப் படம் அது.

விசாரித்தவர் எழுதியிருந்தது இது: படத்தில் இருப்பது கிழக்கு ஆபிரிக்கப் புல்வெளிக்குரிய அகேசியா மரம். மனுதாரர் கென்யாவில் இருந்ததை ஒப்புக்கொள்கிறார். ஆகவே படம் அங்கே எடுக்கப்பட்டது. உடன் நிற்பவர் பயணத் துணை. காணாமற்போன தம்பி என்று ஒருவர் இருந்தார் என்பதை நம்புவதற்கில்லை.

அட பாவி! கூகிளில் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு ஒரு மனிதனைப் பிறக்காதவன் ஆக்கிவிட்டாரே.

(அடிக்குறிப்பாகப் போடவேண்டியது, கோபத்தில் இங்கேயே எழுதுகிறேன்: மன்னாரில் நிற்பது உடைமரம். ஆபிரிக்கக் குடைவேலுக்கு நெருங்கிய சொந்தம். அதே தட்டைத் தலை, அதே முள். ஆடு தின்னும், சனம் விறகுக்கு வெட்டும். படத்தின் ஓரத்தில் ஒரு கழுதையின் பின்பக்கமும் தெரிகிறது. மன்னாரில் கழுதைகள் றோட்டில் திரியும். அதை வரிக்குதிரை என்று எழுதாமல் விட்டாரே, அதற்கு ஒரு பெரிய கும்பிடு.)

3

இந்த இடத்தில் அந்த அதிகாரியைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. பிறகு அழித்தேன். ஏன் என்பதையும் சொல்லித் தொலைக்கிறேன்.

குடிவந்த முதல் கிழமை, அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட ஆணி கேட்டு வந்தார் றெமிஜியஸ். நான் படத்தைப் பார்த்துவிட்டு, "உது கென்யாவிலை எடுத்ததோ?" என்று கேட்டேன். நான்! சுன்னாகத்தில் பிறந்து இருபது வயதுவரை அங்கே இருந்தவள். மன்னாருக்கு ஒருநாள் போனதில்லை. எங்களுக்கு நாடென்றால் யாழ்ப்பாணம், மரமென்றால் பனை.

"கென்யாவோ? எங்கடை வீட்டுக்குப் பின்வளவக்கா!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அவருடைய வழக்குப் பத்திரங்களை ரைப் அடித்துக் கொடுத்ததும் நானே. படத்துக்குக் கீழே "தம்பியுடன், 2008" என்று மட்டும் போட்டேன். இடத்தின் பெயரைப் போடவேண்டும், மரத்தைப் பற்றி ஒரு வரி எழுதவேண்டும் என்று எனக்குப் படவில்லை. என் கண்ணே ஏமாந்த படம் அது. அது தெரிந்திருந்தும் யோசிக்காமல் அப்படியே அனுப்பினேன். அதிகாரிக்கு நான் எழுதிய வசவுகளில் பாதி எனக்குச் சேரவேண்டியவை.

4

மேன்முறையீட்டுப் பத்திரங்கள் இந்த மாதம் இருபத்தெட்டாந் திகதிக்குள் போகவேண்டும். மன்னாரில் அந்த மரம் உண்டு என்று ஒரு தாவரவியல் பேராசிரியர் கடிதம் தந்துவிட்டார். அது போதாது என்கிறார் வழக்கறிஞர். அந்த வளவையும் யூட்சனையும் நேரில் தெரிந்த ஒருவர் சத்தியக் கடதாசி தரவேண்டும். ஊரில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள்.

பிக்கரிங்கில் ஒருவர் இருக்கிறார். ஜூலியஸ் என்று வைத்துக்கொள்வோம். பேசாலையில் இவர்களுக்குப் பக்கத்து வளவு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் றெமிஜியஸும் நானும் போனோம். ஜூலியஸ் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"உதை எடுத்ததே நான்தான் தங்கச்சி. என்ரை கமெரா."

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. "அப்ப அதையே எழுதித் தாங்கோ அண்ணை!"

"என்னெண்டு தாறது? என்ரை அகதிக் கேஸிலை நான் அந்த வருசம் முழுக்கக் கிளிநொச்சியிலை, ஷெல்லுக்குள்ளை நிண்டனான் எண்டு எழுதிக் குடுத்தது. வன்னி எண்டாக் கெதியா ஓம் எண்டுவாங்கள் எண்டு ஏஜென்ட் சொன்னான். இப்ப பேசாலையிலை நிண்டு படமெடுத்தனான் எண்டு கையெழுத்து வைச்சா சிற்றிசனைப் பறிச்சுப்போடுவாங்களே."

மனைவி பேர்ணடெற் குறுக்கே வந்தார். "ரெண்டு பிள்ளையள் படிக்குதுகள். வேறை ஆரையும் பாருங்கோ. மன்னார்ச் சனம் எவ்வளவு இருக்கு இஞ்சை."

"பறவாயில்லை அண்ணை. நீங்கள் யோசியாதேங்கோ" என்றார் றெமிஜியஸ்.

"என்ன பறவாயில்லை? எது பறவாயில்லை?" என்று நான் கத்தியதில் பேர்ணடெற் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

5

முடிவு ஒன்று: ஜூலியஸ் கையெழுத்து வைக்கிறார். றெமிஜியஸ் தங்குகிறார். பிறகு யாரோ ஜூலியஸின் பழைய கோப்பை எடுத்து

முடிவு இரண்டு: ஜூலியஸ் வைக்கவில்லை. றெமிஜியஸ் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறார். அங்கே இரண்டு பேர் அவருக்காக

முடிவு மூன்று: நான் வைக்கிறேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? காணாததைக் கண்டதாக எழுதுவதுதானே என் தொழில். 2008இல் பேசாலைக்குப் போனேன், பின்வளவில் உடைமரம் நின்றது, யூட்சன் தேத்தண்ணி கொண்டுவந்தான் என்று ஒரு பக்கத்தில் சத்தியம் பண்ணிக் கொடுக்கிறேன். எழுதியே முடித்து றெமிஜியஸிடம் நீட்டினேன்.

வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "வடிவா எழுதியிருக்கிறியள். வேண்டாமக்கா. இப்பவரைக்கும் நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. உதைக் குடுத்தா அவங்கள் எழுதினது சரியாப்போம்."

நேற்று மிதுனன் போன் எடுத்தார். "அக்கா, சோகமாய் முடிக்காதேங்கோ. கொஞ்சம் ஹோப் குடுங்கோ."

"தம்பி, ஹோப் என்னட்டை இல்லை. பிக்கரிங்கிலை இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

6

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. மலர் வரும்வரை காத்திராமல் இதை இன்றே முகநூலில் போடுகிறேன். இன்று இருபத்திரண்டு.

ஜூலியஸ் அண்ணை, நீங்கள் வாசிப்பீர்கள். உங்களுக்கு முதல் பேர்ணடெற் அக்கா வாசித்திருப்பார். உங்கள் மேல் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் பயப்படவேண்டாம், உங்கள் இருவர் பெயரையும் மாற்றிவிட்டேன். பிக்கரிங்கும் பிக்கரிங் இல்லை. றெமிஜியஸின் பெயரையும் மாற்றினேன்.

யூட்சனின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அப்படி ஒருவன் இருக்கவே இல்லை என்று இந்த நாட்டில் எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். கமெராவை நீட்டி அவனைச் சிரிக்கச் சொன்னவர் நீங்கள். அவன் இருந்தானா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.