கொடுவா ஏலம்

முதியோர் இல்லத்துக் கிறகோரிக்கு அன்று காலையில் இரண்டு கட்டளைகள் கிடைத்திருந்தன. ஒன்று, சிரிக்கக்கூடாது. மற்றது, இடைக்கிடை இரும வேண்டும்.

"நீங்கள் சிரிச்சால் சனம் பொக்கற்றுக்குள்ளை கை வைக்காது, அப்பு," என்று விளக்கினார் அடைக்கலநாதன் மாஸ்ரர். கத்தோலிக்கப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத் தலைவர் அவர். முதியோர் இல்லத்துக்கு உதவி சேர்க்க வருடந்தோறும் பாடசாலை முற்றத்தில் ஏலம் நடத்துவார். உதவி பெறுகிறவர்களைக் கண்ணால் கண்டால்தான் கொடுக்கிறவர்களுக்கு மனம் இளகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே இல்லத்துக் கிழடுகள் எல்லாரையும் வெயிலில் ஒரு நீள வாங்கில் இருத்தி அடுக்கியிருந்தார். மனம் இளக வேண்டியவர்களுக்குப் பந்தல் போட்டிருந்தது.

முன்னால் மேசையில் ஒரு கொடுவா மீன் கிடந்தது. குருநகர் மீனவச் சனம் கொடுத்த காணிக்கை. போரினால் கடலுக்குப் போகத் தடை இருந்த காலம் அது. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை வீசுகிறவன், ஒரு சின்னக் கெளிற்று மீன் அகப்பட்டாலே பூசை சொல்லுவிப்பான். அப்படியிருக்க இந்த மீன் எப்படி வந்தது? கடலில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அலுத்துப்போய்த் தானாகவே கரையேறி வந்ததாம். மேசை போதாமல் அதன் வாலுக்குத் தனியாக ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

கிறகோரி நாடியில் மயிர் முளைக்க முன்பே கடலில் இறங்கியவர். இல்லத்தில் அவருக்குக் கிடைப்பது பருப்பு. பெருநாளென்றால் பருப்போடு கீரை. அந்தக் கொடுவாத் தலையைப் போட்டு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழை ஒருமுறை குடித்துவிட்டால், அதன்பிறகு ஆண்டவர் எப்போது கூப்பிட்டாலும் போகலாமென்று நினைத்தார். ஏலம் இல்லத்துக்காக நடக்கிறது. ஒரு துண்டாவது தங்களுக்கு வராமலா போகும்? அவ்வளவுக்கு வெள்ளை மனம் அவருக்கு.

மின்சாரம் இல்லை. ஒலிபெருக்கி சைக்கிள் டைனமோவில் ஓடியது. உடற்பயிற்சி ஆசிரியர் மிதித்தார். அவர் களைக்கும்போதெல்லாம் மாஸ்ரரின் குரல் எருமையின் குரலாக இறங்கியது. பலருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முதலில் ஏலத்தில் மீனை எடுத்தவர் சவர்க்கார முதலாளி இன்னாசித்தம்பி. அவருடைய சவர்க்காரம் அழுக்கை விட்டுவிட்டுத் தோலைக் கழற்றும். எழுந்து, படம் பிடிக்கிறவன் ஆயத்தமாகும்வரை நின்று, சொன்னார்:

"இந்த மீன் எனக்கு வேண்டாம். ஏழையளுக்காக இன்னொருக்கா ஏலத்திலை விடுங்கோ."

கைதட்டல் வானத்தைத் தொட்டது.

கொடிகாமத்துத் தேங்காய் வியாபாரி தியாகராசாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் சுத்த சைவம். முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டே விலை கேட்டார்.

"நான் மச்சம் தொடமாட்டன். எண்டாலும் சவுக்காரக்காரருக்கு விட்டுக்குடுக்கேலாது."

எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். திரும்பவும் இன்னாசித்தம்பி. திரும்பவும் தியாகராசா. கொடை கொடுக்கக் கொடுக்க இருவருக்கும் நெஞ்சு வீங்கிச் சட்டைப் பொத்தான்கள் பறந்தன. ஒன்று பந்தல் மூலையில் இருந்த வாத்தியக்காரனின் தபேலாவில் பட்டது. வெயில் உச்சிக்கு வந்தது. மீன் அசையவில்லை.

"கண் மங்குது, லூர்த்து," என்றார் கிறகோரி. லூர்த்தம்மா இல்லத்தின் சமையற்காரி. வாங்குக்குப் பின்னால் நின்றாள்.

"ஆற்றை கண், அண்ணை?"

"மீன்ரை. என்ரை எப்பவோ மங்கிப்போச்சு. இன்னும் ரண்டு பேர் புண்ணியம் தேடினால் உது நாறிப்போகும்."

மாஸ்ரர் வாங்கைப் பார்த்துத் தொண்டையைத் தடவிக் காட்டினார். இருமச் சொல்லும் சைகை. கிறகோரி இருமவில்லை. கையைத் தூக்கினார்.

"அதுக்கு மேலை பத்து ரூபா."

பந்தல் முழுக்கச் சிரித்தது. மாஸ்ரரும் சிரித்தார்.

"அப்புவிட்டைக் காசு எங்கை?"

"உந்தப் பெட்டிக்குள்ளை," என்று மேசையடியில் இருந்த ஏலக்காசுப் பெட்டியைக் காட்டினார் கிறகோரி.

"உது முதியோருக்கெண்டு சேர்ந்த காசெல்லோ?"

"அப்ப நான் ஆர்?"

உடற்பயிற்சி ஆசிரியர் மிதிப்பதை மறந்துவிட்டார். மாஸ்ரரின் வாய் திறந்து மூடியது. ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. இன்னாசித்தம்பி தன் செருப்பை ஆராய்ந்தார். கிழவனுக்கு மேலே விலை கேட்டால், ஏழையிடமிருந்து பறித்து ஏழைக்குக் கொடுத்தவராகப் படத்தில் விழ வேண்டிவரும்.

"மூண்டுதரம் சொல்லி முடியுங்கோ மாஸ்ரர்," என்றார் தியாகராசா, இன்னும் மற்றப்பக்கம் பார்த்தபடி. "எனக்குக் கழுத்துப் பிடிச்சுப்போச்சு."

மீன் இல்லத்துக்கு வந்தது. லூர்த்தம்மா மூக்கைச் சுளித்தாள். "லேசா மணக்குது அண்ணை."

"புளியைக் கூட விடு."

தலை கூழுக்குள் போனது. கிறகோரி மூன்று கோப்பை குடித்தார். ஆண்டவர் கூப்பிடவில்லை. அந்த மணம் அவருக்கும் எட்டியிருக்க வேண்டும்.

ஏலத்தின் புனிதம் கெட்டுவிட்டதென்று சங்கம் கூடித் துக்கப்பட்டது. அடுத்த வருடம் கிழடுகளைக் கூட்டிப்போகவில்லை. மேசையில் மரத்தால் செதுக்கிய கொடுவா ஒன்றை வைத்தார்கள். தியாகராசா நேருக்கு நேர் பார்த்தே விலை கேட்டாராம். லூர்த்தம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கிறகோரி பருப்பைப் பிசைந்துகொண்டே கேட்டார். "செவிள் சிவப்போ?"

"ஓம் அண்ணை, நல்ல சிவப்புப் பெயின்ற்."

"அப்ப அவசரப்படாமல் ஆறுதலா விக்கட்டும்," என்றார் கிறகோரி. "நாறுறதுக்கு உதிலை ஒண்டுமில்லை. நாறுறதை அவையள் பாத்துக்கொள்ளுவினம்."