இருபது எண்ணும்வரை

"ஏட்டி, அவ கதவு சாத்தியிருக்கான்னு எட்டிப் பாரு."

தெருமுனை திரும்பும் முன்பே பைக்கை நிறுத்திவிட்டான் விஜயசங்கர். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த உமாதேவி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நாலாவது வீட்டின் பச்சைக் கதவு சாத்தித்தான் இருந்தது.

"சாத்தித்தான் இருக்கு. தினமும் இதே கேள்வியா? எட்டரைக்கு நான் லேப்ல இருக்கணும்."

"கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவ? காத்தும் சாரலுமா இருக்கு. இன்னிக்கு எத்தன போஸ்ட்ல ஏறணுமோ."

இருவருக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்தாள் லெச்சு. ஐந்து வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் பெயர் இராமலட்சுமி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு டீச்சர்கூட அவளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. பாடமெல்லாம் செல்போனில் வந்தது. செல்போன் அம்மாவின் கைப்பைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

பச்சைக் கதவுக்கு முன்னால் பிள்ளையை இறக்கிப் படியில் நிறுத்தினாள் உமாதேவி. மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

"இருபது வரைக்கும் எண்ணணும். பொறவுதான் தட்டணும். என்ன?"

"தெரியும்மா. போ."

பைக் போய்விட்டது. மூடிய கதவைப் பார்த்தபடி லெச்சு சத்தமாக எண்ணினாள். கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்ப்பாளில் கை வைத்தபடி தங்கபுஷ்பமும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நின்றாள். இருபது என்று வெளியில் கேட்டதும் கதவு திறந்தது. பிள்ளை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தெருவில் தங்கபுஷ்பத்தைத் தொடுகிற ஒரே ஆள் அவள்தான்.

இரண்டாவது அலை ஊரைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த ஜூன் மாதம் அது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை மேல் விடுமுறையாக நீட்டிக்கொண்டே போனார்கள். கொரோனாவுக்குப் பயந்து உலகமே வீட்டுக்குள் கிடக்கலாம். மின்கம்பத்தில் ஏறுகிறவனும், மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கிறவளும் எப்படிக் கிடப்பது? விஜயசங்கர் லைன்மேன். உமாதேவி தென்காசி ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று அவர்களை எந்த உத்தரவும் கேட்கவில்லை.

ராயகிரியில் இருந்த விஜயசங்கரின் அக்காவிடம் கேட்டார்கள். "பிள்ள மேல எனக்குக் கொள்ள ஆச தம்பி. ஆனா ஒம் பொண்டாட்டி வேல பாக்குத எடம் அப்படில்லா" என்று அவள் போனை வைத்தாள். போன வருஷம் மொட்டைமாடியில் நின்று தட்டைத் தட்டி இவர்களைப் போன்றவர்களுக்கு நன்றி சொன்ன தெரு, இப்போது உமாதேவி நடந்து வந்தால் ஜன்னலைச் சாத்தியது. இரண்டு நாள் விஜயசங்கர் பிள்ளையை ஆபீசுக்கே கொண்டுபோய், ஸ்டோரில் பீங்கான் இன்சுலேட்டர்களுக்கு நடுவில் ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்தான். மூன்றாம் நாள் மேலதிகாரி கூடாதென்று சொல்லிவிட்டார்.

தங்கபுஷ்பம் மட்டும்தான் யோசிக்காமல் சரி என்றாள்.

"விட்டுட்டுப் போங்கக்கா. எனக்கு என்ன வரணுமோ அது ஏற்கெனவே வந்துட்டு."

வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அவள் கணவன் கௌரிசங்கர் ஐந்தருவியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருந்தான். செங்கோட்டைக்குக் காய் எடுக்கப் போனவனை ஒரு லாரி அடித்துப் போட்டது. அப்போது தங்கபுஷ்பத்துக்கு வயது இருபத்தொன்பது. தனியாகவே அந்தக் கடையை நடத்தினாள். அப்புறம் கொரோனா வந்து அருவியையே பூட்டிவிட்டார்கள். குளிக்க ஆளில்லாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு ஊரடங்கு புதிதில்லை. தெருவில் யாராவது நல்ல காரியத்துக்குப் புறப்படும் சத்தம் கேட்டால், வாசலில் நிற்கிறவள் தானாகவே உள்ளே போய்விடுவாள். யாரும் போ என்று சொல்ல வேண்டியதில்லை. நின்றால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது.

அதனால்தான் உமாதேவி சொன்னது அவளுக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது. முதல் நாள் வந்தபோதே உமாதேவி சொல்லியிருந்தாள்: "தங்கம், காலையில நாங்க வாரப்ப நீ வெளிய வராண்டாம். கதவச் சாத்திக்கோ. நான் கொரோனாவுக்குள்ள கெடக்கவ. என்னால ஒனக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுல்லா?"

தனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஒரு மனுஷி நினைக்கிறாள்! அன்றைக்கு ராத்திரி தங்கபுஷ்பம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். படித்தவள் படித்தவள்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாலையில் ஆஸ்பத்திரி வேனிலிருந்து இறங்கி உமாதேவி தனியாக வருவாள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, பச்சைக் கதவின் நிலையில் தலையைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்துவிடுவாள். தங்கபுஷ்பம் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுத் தருவாள். "இன்னிக்கு ஒரு சின்னப் பையன், தங்கம். எங் கைய விடவே மாட்டேனுட்டான்" என்று எதையாவது சொல்லி உமாதேவி அழுவாள். மனசு விட்டுப் பேச இருவருக்கும் வேறு யாரும் இல்லை. அந்தக் கால் மணி நேரத்துக்காகவே தங்கபுஷ்பம் பகலெல்லாம் காத்திருந்தாள்.

இப்படியே மூன்று வாரம் போனது.

அன்று மத்தியானம் சோறு தின்றுவிட்டு லெச்சு விளையாடிக்கொண்டிருந்தாள். ஸ்டூலைக் கவிழ்த்துப் பைக் ஆக்கியிருந்தாள். சீப்பு அப்பா. கரண்டி அம்மா.

"அத்தே, நீ உள்ள போயி கதவுக்குப் பின்னால நில்லு."

"ஏம்ட்டி? நானும் ஒங்கூட பைக்ல வாரேன்."

"நீ வரக்கூடாது. அப்பா போஸ்ட்ல ஏறணும்லா? நீ எதுக்க வந்தா கரண்டு அடிச்சிரும்."

தங்கபுஷ்பம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"யாரு சொன்னா?"

"அப்பாதான். புருசன் செத்தவ மூஞ்சியில முழிச்சா கரண்டு அடிச்சிரும். நான் ஒன்ட்ட சொல்லிருவேன்னேன். அம்மா சொன்னா, அத்தைட்ட சொல்லாத, கொரோனான்னே இருக்கட்டும்னு." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் பிள்ளை. "சொல்லிட்டேன்."

தங்கபுஷ்பத்துக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் ஒரு நாள் பைக் கிளம்புவதற்குள் பிள்ளை படியில் தடுக்கி விழுந்தாள். பதறிக் கதவைத் திறந்த தங்கபுஷ்பத்தைப் பார்த்ததும் விஜயசங்கர் பைக்கைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போனான். செல்போனை மறந்துவிட்டார் என்றாள் உமாதேவி. காலையில் குளித்து முழுகி வருகிறவளிடமிருந்து ஒட்டுகிற நோய், மாலையில் வார்டிலிருந்து நேரே வந்து பக்கத்தில் உட்காரும்போது மட்டும் ஏன் ஒட்டவில்லை? தனக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றாதபடிக்கு அவள் மனசுதான் அந்தக் கேள்வியைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தது.

"அத்தே," லெச்சு அவள் மடியில் ஏறிக்கொண்டாள், "நான் பெரியவளானா நானும் கதவுக்குப் பின்னால நிக்கலாமா?"

தங்கபுஷ்பம் பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

மாலையில் உமாதேவி வந்து உட்கார்ந்தாள். சாயாவை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தங்கபுஷ்பம் நின்றுகொண்டே கேட்டாள்.

"காலையில ஒட்டுத கொரோனா சாயங்காலம் ஒட்டாதாக்கா?"

உமாதேவி சாயாவைப் படியில் வைத்தாள். ஒரு பொய் சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை.

"அவிய கம்பத்துல ஏறுத ஆளு, தங்கம். கூட வேல பாத்தவரு போன வருஷந்தான் விழுந்து செத்தாரு. எனக்கு இதுல நம்பிக்க கெடையாது. ஆனா பயமா இருக்கு. அவியட்ட சொல்லிப் பாத்தேன், கேக்கல. ஒன்ட்ட உண்மையச் சொன்னா நீ பிள்ளைய வச்சுக்க மாட்டியோன்னு…"

"ஒங்கள மட்டும் நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன்." தங்கபுஷ்பத்தின் குரல் உயரவில்லை. "எங்க வீட்டு அவிய செத்த அன்னிக்குக் காலையில, யாரு மூஞ்சியில முழிச்சிட்டுப் போனாவ தெரியுமா? எம் மூஞ்சியிலதான். குளிச்சு, பூ வச்சு, தாலியும் குங்குமமுமா நின்னு அனுப்பி வச்சேன். அந்த மூஞ்சி அவியளக் காப்பாத்துச்சா?"

உமாதேவி மாஸ்க்கை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"நாளையிலேருந்து முன்வாசல்லதான் நிப்பேன். பிள்ளைய எங் கையில தந்துட்டுப் போங்க. முடியாதுன்னா வேற ஆளு பாத்துக்கோங்கக்கா."

சொல்லிவிட்டாளே தவிர, பிள்ளை வராத நாளை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிற ஒரே நேரமும் போய்விடும்.

உமாதேவி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். விஜயசங்கர் கத்தினான். அக்காவுக்கு மறுபடியும் போன் செய்தான். ஆய்க்குடியில் ஒரு சிநேகிதனைக் கேட்டான். யாரும் வரச் சொல்லவில்லை.

காலையில் ஏழேமுக்காலுக்குத் தங்கபுஷ்பம் முகம் கழுவி, தலை சீவி, கதவைத் திறந்துவைத்துப் படியில் வந்து நின்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் அவள் வாசலில் நிற்கிறாள். உள்ளே போய்விடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது.

தெருமுனையில் பைக் நின்றது.

"கதவு தெறந்து கெடக்கு," என்றாள் உமாதேவி. "அவ நிக்கா."

"எறங்காத. திருப்பிருதேன்."

"திருப்பி எங்க போறது? பிள்ளைய எங்க விடுறது?" உமாதேவி இறங்கிவிட்டாள். பிள்ளையையும் இறக்கினாள். "நீங்க போயித் தண்ணி குடிச்சிட்டு வேலைக்குப் போங்க. நான் நடக்கேன். மெயின் ரோட்டுல வேன் வரும்."

லெச்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவே நடந்து வந்தாள். இரண்டு வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. அது அவளுக்காகவா தங்கபுஷ்பத்துக்காகவா என்று சொல்ல முடியாது. படியருகே வந்து, தங்கபுஷ்பத்தின் முகத்தை நேராகப் பார்த்து, பிள்ளையின் கையை அவள் கையில் வைத்தாள்.

"எண்ணாண்டாமாம்மா?" என்றாள் லெச்சு.

"வேண்டாம்."

பிள்ளை தெருமுனையைப் பார்த்துக் கூவினாள்: "அப்பா! அத்தைக்குக் கொரோனா போயிட்டு!"

விஜயசங்கர் ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு பைக்கைத் திருப்பினான். ஆனால் அதற்குள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டிருந்தான்.

பத்து மணிக்குக் காற்று பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து சாரல் சரிந்து அடித்தது. ஐந்தருவி ரோட்டில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். கரண்ட் நின்றது. அப்போதுதான் தங்கபுஷ்பத்துக்கு உறைத்தது. இந்தக் காற்றில் லெச்சுவின் அப்பா எங்கேயோ கம்பத்தில் இருப்பார். கால் வழுக்கினால்? கம்பியில் மின்சாரம் திரும்பிவிட்டால்? ஒரு மனிதன் தன் வேலையில் விழுந்தான் என்று இந்தத் தெரு சொல்லாது. இவள் தள்ளிவிட்டாள் என்றுதான் சொல்லும். லெச்சுகூட அப்படித்தான் நம்புவாள்.

மத்தியானம் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு தென்காசிப் பக்கம் போனது. அந்த நாட்களில் மணிக்கு ஒன்று போகும். தன் முகத்துக்கு அப்படியொரு சக்தி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அந்த ஆள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டாள். கௌரிசங்கருக்காகக்கூட அவள் அப்படி ஒரு நாள் முழுக்கக் கும்பிட்டதில்லை. கும்பிட நேரம் கிடைக்கவில்லை.

மாலையில் உமாதேவி வரவில்லை. லேபில் ஆள் பற்றாமல் நிறுத்திக்கொண்டார்களோ, இல்லை வேறு ஏதுமோ, அவளுக்குத் தெரியவில்லை. சாயாத் தண்ணீர் கொதித்து வற்றியது.

ஆறு மணிக்குப் பைக் சத்தம் கேட்டது. தங்கபுஷ்பத்தின் கால் பழக்கத்தில் உள்ளே போகத் திரும்பியது. அவள் அதை நிறுத்தி, நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

விஜயசங்கர்தான். தொப்பலாக நனைந்திருந்தான். பூட்ஸெல்லாம் சேறு. கை கால் எல்லாம் முழுசாக இருந்தன.

"உமாவுக்கு லேட்டாகும். பிள்ளைய அனுப்புங்க" என்றான், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து.

லெச்சு ஓடிப்போய் டேங்க்கின் மேல் ஏறிக்கொண்டாள்.

"இன்னிக்கு எத்தன போஸ்ட்ப்பா?"

"ஏழு."

"கரண்டு அடிச்சுதா?"

பிள்ளை அவன் கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்துக் கத்தினாள்: "அத்தே, அடிக்கலையாம்!"

பைக் போய்விட்டது. அவன் விழுந்திருந்தால் காரணம் தேடி யாரும் அலைந்திருக்க மாட்டார்கள். பச்சைக் கதவு வீட்டில் ஒரு முகம் தயாராக இருந்தது. அடாத காற்றில் ஏழு கம்பத்தில் ஏறி இறங்கி முழுசாக வந்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

தங்கபுஷ்பம் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து கண்ணாடியைத் திருப்பி மாட்டினாள். மறுநாள் காலை ஏழேமுக்காலுக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து முன்வாசலில் நின்றாள்.