சீவிப் போட்ட பலம்

தன் கைவேலையே தன்னைப் பயமுறுத்தும் என்பது குட்டிக்கு அன்று காலையில்தான் முழுசாக விளங்கியது. குட்டி என்றால் சின்னப் பெண் இல்லை. லேத் பட்டறை ஒன்றைத் தனியாளாக நடத்துகிறவள், நாற்பதை நெருங்குகிறவள். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

வேன்காரர் ஒருவர், வீலைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்றைக் கடையக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். லேசாக வெட்டு வைத்ததுமே கருவியின் முனை மழுங்கியது. பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்த இரும்பு, மேல்தோல் அவ்வளவு கெட்டி. அவள் லேத்தை நிறுத்தினாள். போன வாரம் இதே மாதிரி ஷாஃப்டைச் சீவித்தான் அண்ணன் காருக்காக முனையில் கியரோடு கோக்கிற புதுப் பல் வெட்டியிருந்தாள். முதலில் இரண்டு கருவி மழுங்கியது உண்மை. அதற்கப்புறம் வெண்ணெயாக வெட்டியது. 'கைராசிக்காரிடி நீ' என்று தன்னையே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனவள் அவள்.

அண்ணன் ஷாஃப்டில் அறுத்து மூலையில் போட்டிருந்த மிச்சத் துண்டை எடுத்து, வெட்டுமுகத்தில் அரத்தை வைத்தாள். ஓரத்தில் அரம் வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் நன்றாகக் கடித்தது. கெட்டியெல்லாம் ஓரத்தில்தான். அந்த ஓரத்தைத்தான் அவள் சீவிப் போட்டிருந்தாள்.

அண்ணனுடைய கார் அவர்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. பார்க்க லட்சணம், மேட்டைக் கண்டால் மட்டும் மூச்சு வாங்கும். அண்ணன் அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மூன்று மடங்கு இழுக்கிற இன்னொன்றை உட்காரவைத்தான். அந்த இழுவையைப் பழைய பின் ஆக்ஸில் தாங்காது என்று ஒற்றைக்காலில் நின்றவள் குட்டி. அளவு கச்சிதமாக வேறொரு காரின் ஆக்ஸில் கிடைத்தது. அதையும் வேண்டாமென்று தள்ளி, "வேன் ஆக்ஸில் போடுண்ணா, யானை ஏறினாலும் தாங்கும்" என்றாள். வேன் ஆக்ஸில் வந்தது, பக்கத்துக்கு நாலு விரல் அகலம் கூட. வீல் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அழகு கெடுவதை அண்ணன் பொறுப்பானா? "சுருக்கிக் குடு" என்றான். பழைய பல்லோடு முனையை அறுத்தெடுத்து, மீதித் தண்டின் மேல்பக்கத்தைச் சீவிப் புதுப் பல் வெட்டிச் சுருக்கிக் கொடுத்தாள். பலத்தைத் தேடி அலைந்து கொண்டுவந்து, அந்தப் பலத்தையே சீவியெறிய இந்த அண்ணன் தங்கையால்தான் முடியும்.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இந்த வகை ஆக்ஸிலில் ஷாஃப்டின் உள்முனையில் மாட்டியிருக்கும் சின்ன லாக் வளையம்தான் வீலையும் பிடித்து வைத்திருக்கிறது. பல் இருக்கும் இடத்தில் முறிந்தால் ஷாஃப்ட், வீல், பிரேக் எல்லாம் சேர்ந்து வெளியே நழுவிவிடும். அந்தக் காரில்தான் அண்ணனும் அண்ணியும் நாலு வயதுப் பாப்பாவும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணியின் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

போன் போட்டாள். விரல் இரண்டு தடவை தப்பான பெயரில் பட்டது. அண்ணிதான் எடுத்தாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"மலை ஏறிட்டிருக்கோம்மா. பாப்பா பின்னாடி தூங்குறா."

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. உடனே. ஷாஃப்ட் தாங்காது. தப்பு பண்ணிட்டேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்க வேண்டும், அண்ணன் சிரிப்பது கேட்டது. "பயந்தாங்கொள்ளி! யானை ஏறினா தாங்கும்னு யாரு சொன்னா? இங்க யானை கூட இல்ல, உங்க அண்ணிதான்."

"அண்ணா, விளையாடாத! பாப்பா இருக்கா!"

"ஏம்மா, கியர் மாத்துறப்ப பின்னாடி டக்குனு ஒரு சத்தம் வருதே, அதுவா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள். அத்தோடு இணைப்பு போனது. மறுபடி எத்தனை முறை போட்டும் கிடைக்கவில்லை.

ஷட்டரை இழுத்துவிடக்கூடத் தோன்றாமல் ஸ்கூட்டரை எடுத்தாள். மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் கட்டைச்சுவர் உடைந்திருக்கிறதா என்று பார்த்தாள். சுவர் இல்லாத இடங்களில் கீழே எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்க முடியவில்லை, பார்க்காமல் போகவும் முடியவில்லை. எதிரே வந்த லாரிக்காரர் அவளைத் திட்டியது காதில் விழவேயில்லை. பாப்பாவை மட்டும் விட்டுவிடு, என்னை என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள் என்று யாரிடம் என்று தெரியாமல் கெஞ்சிக்கொண்டே போனாள்.

கார் ஒரு வளைவில் ஓரமாக நின்றிருந்தது. டயருக்குக் கல் வைத்திருந்தது. மடியில் பாப்பாவோடு அண்ணி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். குட்டி ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு அவர்களிடம் ஓடினாள்.

"வாந்தி வருதுன்னு சொன்னேன்" என்று அண்ணி காதோடு சொன்னாள். "புது சீட்டாச்சே, அடிச்சுப் பிடிச்சு நிறுத்திட்டாரு."

அண்ணன் முகம் கடுகடுவென்றிருந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடுறீங்களா? இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கு, என்ன ஆச்சு? நீங்க யாரும் ஏற வேண்டாம். நான் ஒத்தையா ஓட்டிக் காட்டுறேன்." கல்லை எட்டி உதைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

அவனோடு வாதாடிப் பயனில்லை என்பது குட்டிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பின் கதவைத் திறந்து, பாப்பா தூங்கிக்கொண்டு வந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவள் பல் வெட்டிய ஷாஃப்ட் அந்த சீட்டுக்கு நேர் கீழே இருந்தது.

"இறங்கு" என்றான்.

"நீ ஓட்டு."

எஞ்சின் உறுமியது. அவள் முன் சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் அந்த சீட்டும் ஆடியது. அவன் கியரைப் போட்டான். அவன் முதுகில் அவள் நடுக்கம் இடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு முணுமுணுத்தபடி இருந்தாள்.

சாவியைத் திருப்பி அணைத்தான்.

"முறியும்னு நிஜமாவே நினைக்கிறியா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குடி ஏறின?"

"நான் வெட்டினது. நீ மட்டும் எப்படி அதுல போவ?"

 அவன் இறங்கி, உதைத்துத் தள்ளிய கல்லைத் தேடி எடுத்துவந்து மறுபடி டயருக்கு அடியில் வைத்தான். அவளுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டான்.