சின்னவளின் குடைமிளகாய்

கொழுந்தன் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுப்படி கைமாறிவிட்டதாகப் பெரியவளுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சமையல் இனி தன்னுடையது என்று ஓரகத்தி சொல்ல, வீடே பூம்பூம் மாடாகத் தலையாட்டியது. சின்னவள் லெபனான் சமையல் செய்யும் ஓர் உணவகத்தில் வேலை பார்த்தவளாம். கறியே இல்லாமல், அரிசி அடைத்த குடைமிளகாய் செய்யப்போகிறாளாம்.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. காரணம் மாமனார். தணிக்கை அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர், சாப்பாட்டுத் தட்டில் இன்னும் ஓய்வு பெறவில்லை. வருஷக்கணக்காக அவள் வடித்துக் கொட்டியதில் உப்பு, காரம், பதம் என்று எதையாவது கண்டுபிடித்துவிடுவார். நன்றாயிருக்கிறது என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வந்தால் முதலில் தனக்குத்தான் வரவேண்டும் என்று அவள் காத்துக்கிடந்தாள்.

சின்னவளோ அலட்டிக்கொள்ளாமல் வேலை பார்த்தாள். குடைமிளகாய்களின் தலையைச் சீவி விதையை வழித்தெடுத்தாள். ஊறின அரிசியோடு தக்காளி, வெங்காயம், புதினா, கொத்தமல்லி மாதிரி இருக்கும் பார்ஸ்லித் தழை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் போட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் பிசைந்தாள். முக்கால் பங்குதான் அடைக்க வேண்டும், அரிசி வெந்து உப்பும் என்று பாடம் வேறு நடத்தினாள். யாரடி கேட்டது உன்னை என்று பெரியவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அடைத்ததைப் பாத்திரத்தில் நெருக்கி நிறுத்தி, தக்காளிச் சாற்றில் அரை எலுமிச்சை பிழிந்து ஊற்றி, அடுப்பைக் குறைத்துவிட்டுச் சின்னவள் குளிக்கப் போனாள்.

பெரியவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூடையிலிருந்த எலுமிச்சைகளை ஒன்றுவிடாமல் பிழிந்து பாத்திரத்தில் ஊற்றினாள். உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

மதியம் புருஷனும் கொழுந்தனும் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவள் அவளைப் பார்க்கவில்லை, மாமனாரின் வாயையே பார்த்திருந்தாள். அவர் மென்றார். விழுங்கினார்.

"நல்லாயிருக்கும்மா. இன்னொண்ணு வை."

மகன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சின்னவளின் முகம் மலர்ந்தது. பெரியவளுக்குத் தன் தட்டில் இருந்ததைத் தொடவே பிடிக்கவில்லை. தன் கையால் பிழிந்த புளிப்புக்கு அவளுக்கல்லவா பாராட்டு.

சாயங்காலம் மாமனார் நெஞ்சைத் தடவிக்கொண்டே அடுப்படிக்கு வந்தார். நெஞ்செரிச்சல் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே புளிப்பு, நெஞ்சு கரிக்குது. சின்னவகிட்ட சொல்லிடாதேம்மா. வீட்டுக்குப் புதுசு, மனசு ஒடைஞ்சிடும்."

பெரியவள் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து நீட்டினாள். பிழிந்தது நான்தான் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"நானும் ஒருநாள் இந்த வீட்டுக்குப் புதுசாத்தான் வந்தேன், மாமா. எனக்காகவும் ஒரு பொய் சொல்லியிருக்கலாமே."

மாமனார் மாத்திரையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.