வெறும் வயிற்றுத் தேத்தண்ணி

என் கணவருக்கும் நீரிழிவு வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசைப்பட்டது உண்மை.

வைகாசியில் எனக்குக் கண்டுபிடித்தார்கள். வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு. டொக்டர் வயதில் சின்னப் பிள்ளைதான், ஆனால் பொறுமையாகச் சொல்லித் தந்தார். சோறு ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம், தட்டில் பாதி மரக்கறி, பனங்கட்டியும் சீனிதான், பின்னேரம் அரை மணித்தியாலம் நடை, காலில் புண் வந்தால் ஆற நாளெடுக்கும், கவனம். நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் குசினியில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்றில் எனக்குக் குரக்கன்மாப் பிட்டு, மற்றதில் அவருக்குச் சோறு. அவர் என்றால் ஐயாத்துரை, ஸ்கந்தபுரத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவர், ஈர்க்கில் மாதிரி மெலிந்த மனிதர். என் முன்னாலேயே இருந்து சோற்றைக் குவித்துச் சாப்பிடுவார். கடைசியில் தயிரும் பனங்கட்டியும் போட்டுப் பிசைந்து, ஒவ்வொரு விரலாக நக்குவார். முப்பத்தொரு வருடம் ஒரே பானையில் சாப்பிட்டோம். நோய் மட்டும் எனக்கு! ஊரில் எத்தனையோ பேருடைய நகையையும் சேலையையும் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் இப்படி வயிறு எரிந்ததில்லை. அவருடைய ரத்தத்தின் மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்கப் பக்கத்து வளவுக் கமலாசனி வந்தாள். "ஐயாத்துரை அண்ணை பாவமெல்லே. உங்கட சீனி வருத்தத்தாலை அந்த மனிசனுக்கும் கரைச்சல்."

பாகற்காய் தின்பது நான், பாவம் அவராம்! எனக்கு மூக்குப் போனது போனதுதான், அவருக்குச் சகுனப்பிழையாவது ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்களும் ஒருக்கா ரத்தம் சோதிச்சுப் பாருங்கோவன்" என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்கென்ன? மெலிஞ்சவனுக்குச் சீனி வராது."

ஆறு நாள் நச்சரித்தேன். ஏழாம் நாள் சம்மதித்தார். போகிற காலையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"வெறும் வயித்தோடை வரவேணுமெல்லே?"

"சாப்பிடத்தான் கூடாது. தேத்தண்ணி சாப்பாடே?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் தேத்தண்ணியை யார் சாப்பாடு என்று கணக்கெடுக்கிறார்கள்? உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடித்தார். நான் இன்னொரு கரண்டி சீனியைக் கையில் கொட்டினேன்.

இருநூற்றுப் பதினெட்டு! டொக்டர் இன்னொரு சோதனைக்கும் ரத்தம் எடுத்துவிட்டு, அடுத்த கிழமை வரச் சொன்னார்.

அந்த ஒரு கிழமையை நான் மறக்கமாட்டேன். வீட்டில் ஒரே அடுப்பு. குரக்கன் பிட்டைக் கண்டு முகத்தைச் சுளித்தாலும் என் பக்கத்தில் இருந்துதான் தின்றார். பின்னேரம் வாய்க்கால் கரையில் என்னோடு நடந்தார். கலியாணம் கட்டிய புதிதில்கூட அவர் பத்தடி முன்னால்தான் போவார். எனக்கு நோய் இருப்பதே மறந்துபோனது.

அடுத்த கிழமை டொக்டர் பேனையை எடுத்தார். "ஐயாவுக்கு இண்டைக்கே குளிசை தொடங்குவம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சும்மா கிடந்த உடம்புக்குள் என் எரிச்சலால் மருந்து போகப்போகிறது.

"வேண்டாம் டொக்டர். அண்டைக்கு நான் சீனியும் தேத்தண்ணியும் குடுத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். வேணுமெண்டுதான் குடுத்தனான்."

என் கணவர் கதிரையில் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

டொக்டர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "அம்மா, இது மூண்டு மாசத்துச் சராசரி. ஒருநாள் தேத்தண்ணி இதை மாத்தாது. எட்டு தசம் ஒன்பது. ஐயாவுக்குக் கனநாளாய் இருந்திருக்கு. மெலிஞ்ச ஆக்களுக்கும் வரும்."

என்னுடையது ஏழு தசம் இரண்டு. இதிலும் அவர் என்னை முந்திவிட்டார். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் சந்தோசம் வரவில்லை. வயல் சேற்றில் செருப்பில்லாமல் நிற்கிற அவருடைய கால்களைப் பார்த்தேன். பயமாக இருந்தது.

வரும் வழியில் மோட்டார் சைக்கிளை ஒரு மரநிழலில் நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எனக்கும் சீனி வருத்தம் வரவேணுமெண்டு நினைச்சனியே?"

"ஓம்."

"ஏன்?"

"தனிய இருந்து தின்னேலாமல் கிடந்தது."

"அதைச் சொல்லியிருக்கலாமெல்லே? நான் உன்னோடை சேர்ந்து திண்டிருப்பனே."

"சொன்னனான்" என்றேன். "மூண்டு தரம் சொன்னனான். நீங்கள் அப்ப சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள்."