ஒற்றைப்படைப் பூக்கள்

“ஏழு குடு,” என்றாள் பாவ்லினா.

“எட்டு,” என்றாள் அவள் மருமகள் ஸோர்யானா.

நிவ்கி மெட்ரோ வாசலுக்கு இறங்கும் சுரங்கப் பாதையில் வாளி வாளியாகப் பூ வைத்து விற்கிறவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவப்புக் கார்னேஷன்கள் அவள் கையில் சொட்டச் சொட்ட நின்றன.

“நீங்க ரெண்டு பேரும் முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க. இருக்கறவங்களுக்குன்னா ஒத்தைப்படை. போனவங்களுக்குன்னா ரெட்டைப்படை. யாருக்கு?”

“என் பிள்ளைக்கு.”

“பிறந்த நாளா?”

ஸோர்யானா பூக்காரியின் கண்ணைப் பார்த்துத் தலையை லேசாக இடவலமாக அசைத்தாள். கறுப்புத் துணி கட்டிய தலைகள் எங்கள் ஊரில் இப்போது ஒன்றிரண்டல்ல. பூக்காரிக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“எட்டாக் கட்டட்டுமா அம்மா?” என்று தணிந்து கேட்டாள்.

“காது கேக்காதா உனக்கு? ஏழு. அவன் பள்ளிக்கூடம் போன முதல் நாள்லேருந்து அவனுக்கு நான் வாங்கின பூவெல்லாம் ஒத்தைப்படைதான். இன்னிக்கு வந்து என்னை மாத்தச் சொல்றியா?”

“அம்மா, அங்க எல்லாரும் பார்ப்பாங்க.”

“பார்க்கட்டும். எண்ணட்டும். பாவ்லினாவுக்குக் கணக்கு தெரியலைன்னு சொல்லட்டும்.”

பூக்காரி ஏழு பூவை எடுத்துத் தண்டுகளை நாளிதழில் சுற்றினாள். பாவ்லினா காசுக்குக் கைப்பையைத் திறக்கப் போனபோது பூக்காரி அதைப் பிடித்து மூடிவிட்டாள். “போய்ட்டு வாங்க,” என்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

மகன் யாரெமாவின் உடலை அன்றைக்குக் கிழக்குப் போர்முனையிலிருந்து கொண்டு வருகிறார்கள். கொண்டு வருகிற வண்டியின் ஓட்டுநர் பெயர் ஓனிசிம். முகம் பார்த்ததில்லை, போனில் குரல்தான். ஆற்றுக்கு அந்தக் கரையில், லிவோபெரெஷ்னா மெட்ரோவுக்கு எதிரே, கொஞ்ச நேரம் நிறுத்துகிறேன், அம்மா வந்து ஏறிக்கொள்ளட்டும், சேர்ந்து பாலத்தைத் தாண்டலாம் என்று அவன் சொல்லியிருந்தான். பாவ்லினா கேட்டது அது ஒன்றைத்தான். சவக்கிடங்கில் அடையாளம் காட்டப் போவது மருமகள். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வது படைப்பிரிவு. பாலத்தைத் தாண்டும்போது மட்டும் பக்கத்தில் தான் இருக்க வேண்டும் என்றாள்.

“டாக்ஸியில போயிருக்கலாம்,” என்றாள் ஸோர்யானா, ரயில் கிளம்பியதும்.

“போயி? பாலத்து மேல நெரிசல்ல நிக்கவா? நாப்பது வருஷமா இதுலதான் போறேன். மெட்ரோ என்னை ஒரு நாள் ஏமாத்தினதில்ல.”

“சைரன் அடிச்சா?”

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு.”

எதிர்சீட்டில் ஒருத்தி செல்போனில் பொம்மைகளை வரிசையாக வெடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ரயில் ஊரின் நடுப்பகுதியைக் கடந்தது. அடுத்தது அர்செனால்னா. அதைத் தாண்டினால் சுரங்கம் முடிந்து வெளிச்சம், ஆறு, பாலம்.

அர்செனால்னாவில் கதவு திறந்தது, மூடவில்லை.

“நகரில் வான்வழி அபாய எச்சரிக்கை,” என்றது ஒலிபெருக்கி. “ரயில் இதற்கு மேல் செல்லாது. பயணிகள் இறங்கவும்.”

பெட்டி முழுவதும் ஒரே பெருமூச்சு. யாரும் பதறவில்லை. ஒருவன் மட்டும் யாரையோ திட்டினான். ரயிலையா, வானத்தில் வருவதையா என்று தெரியவில்லை. ஆற்றுக்கு மேலே திறந்த வெளி என்பதால் சைரன் ஒலித்தால் ரயில்கள் பாலத்துக்குப் போவதில்லை. தரைக்கு அடியில் மட்டும் இங்கும் அங்கும் ஓடும்.

பாவ்லினா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

“அம்மா, இறங்கணும்.”

“நான் லிவோபெரெஷ்னாவுக்குப் போகணும்.”

“ரயில் போகாதும்மா. இறங்குங்க.”

நடைமேடையில் சிவப்புத் தொப்பி போட்ட நிலையப் பணிப்பெண் கையை வீசி ஆட்களை உள்ளே நகர்த்திக்கொண்டிருந்தாள். பாவ்லினா நேராக அவளிடம் போனாள்.

“ஏம்மா, ஒரே ஒரு ரயிலை விடச் சொல்லேன். டிரைவர்கிட்ட நான் பேசறேன்.”

“என்ன பேசுவீங்க?”

“என் பிள்ளை அந்தக் கரையில நிக்கறான்.”

“அப்ப அவரை பக்கத்துல எங்கயாவது தங்குமிடத்துக்குள்ள போகச் சொல்லுங்க அம்மா. வெளிய நிக்கக் கூடாது.”

பாவ்லினா பூக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். சிவப்புத் தொப்பிக்காரி அப்போதுதான் பூவையும் கறுப்புத் துணியையும் பார்த்தாள்.

“ஐயோ, என் வாயில மண்ணு. மன்னிச்சுக்குங்க அம்மா. என் கையில இருந்தா நானே ஓட்டிட்டுப் போவேன். பாலம் என் கையில இல்ல.”

மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வந்தபடி இருந்தார்கள். அர்செனால்னாவின் நகரும் படிக்கட்டு நீளமானது. பாதி வழியில் வேறொரு படிக்கட்டுக்கு மாற வேண்டும். வந்தவர்கள் பாயை விரித்தார்கள், மடக்கு நாற்காலியைப் பிரித்தார்கள். பளிங்குச் சுவரோரம் ஸோர்யானா மாமியாருக்கு ஒரு இடம் பிடித்தாள். பக்கத்தில் தடித்த மனிதர் ஒருவர். அவர் மடியில் அவரைவிடத் தடித்த, கால் குட்டையான நாய்.

“தள்ளி உட்காரட்டுமா? கடிக்காது,” என்றார் அவர். “இவர் பேரு ஜெனரல்.”

“ஜெனரலா?”

“சைரன் அடிச்சா எங்க குடும்பத்துலயே முதல் ஆளா கீழ வந்துடுவார். அப்புறம் வேற என்ன பேரு வைக்கறது?”

ஸோர்யானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேதி வந்ததிலிருந்து ஒன்பது நாளாக வராத சிரிப்பு. சத்தமாகவே வந்தது.

பாவ்லினா திரும்பிப் பார்த்தாள். “சிரிப்பு வருதா உனக்கு?”

“அம்மா...”

“இல்ல, சிரி. சின்ன வயசு. எல்லாம் சீக்கிரம் ஆறிடும். அடுத்த வருஷம் இந்நேரம் உனக்கு யாராவது ஒத்தைப்படையில பூ வாங்கித் தருவான்.”

நாய்க்காரர் நாயின் காதைத் தடவியபடி வேறு பக்கம் பார்த்தார். ஸோர்யானா எழுந்து போய்விடுவாள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவள் எழவில்லை.

“யாரெமா இங்க இருந்தா அவனும் சிரிச்சிருப்பான்,” என்றாள். “என்னைவிட சத்தமா. உங்களுக்கே தெரியும்.”

பாவ்லினா நாளிதழின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

ஸோர்யானாவின் போன் அடித்தது. ஓனிசிம்.

“எங்க இருக்கீங்க?”

“அர்செனால்னாவுல மாட்டிக்கிட்டோம். பாலத்துக்கு ரயில் விட மாட்டேங்கறாங்க.”

“நான் வந்துட்டேன். சொன்ன இடத்துலதான் நிக்கறேன். ஆனா ரொம்ப நேரம் நிக்க முடியாதும்மா. வண்டியில உங்க வீட்டுக்காரர் மட்டும் இல்ல. நாலு பேர் இருக்காங்க. மத்தவங்க குடும்பமும் காத்துக்கிட்டிருக்கு.”

“கொஞ்சம் பாருங்க. தயவுபண்ணி.”

“பார்க்கறேன். வாக்கு குடுக்க முடியாது.”

பாவ்லினா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றான்?”

“நிக்கறாராம். கொஞ்ச நேரம்தான் நிப்பாராம். அம்மா, மேல போயிடலாம். டாக்ஸி பிடிக்கலாம்.”

“சைரன் நேரத்துல எவன் வருவான்?”

“வருவாங்க. பாதி ஊரு நிக்காமதான் ஓடிக்கிட்டிருக்கு.” ஸோர்யானா போனில் தேடினாள். திரையில் சக்கரம் சுற்றியது. ஒரு கார் ஒப்புக்கொண்டது. உடனே ரத்து செய்தது. மறுபடி சக்கரம். “யாரும் எடுக்கலை. முதல்லயே டாக்ஸியில வந்திருந்தா இந்நேரம் அந்தக் கரையில இருந்திருப்போம்.”

“சொல்லு. நல்லா சொல்லு.”

“சொல்லலை. விடுங்க.”

“இல்ல, நீ சொல்றது சரிதான்,” என்றாள் பாவ்லினா. அவள் இப்படிச் சொல்லி ஸோர்யானா கேட்டதேயில்லை. “நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். இந்த ரயில்லயே போகணும்னு. உனக்குத் தெரியாது. குட்டியா இருக்கறப்போ சுரங்கம் முடியற வரைக்கும் கண்ணை இறுக்க மூடிக்குவான். பயம். இருட்டு முடிஞ்சு பாலத்துக்கு வந்ததும் என் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்து, ‘அம்மா, ஆறு! அம்மா, ஆறு!’ன்னு கத்துவான். பெட்டியே திரும்பிப் பார்க்கும். அப்புறம் அந்தக் கரை வர்ற வரைக்கும் கையை விட மாட்டான்.”

ஸோர்யானா போனை மடியில் வைத்தாள்.

“இப்பவும் இருட்டுலதானே வர்றான். பெட்டிக்குள்ள.” பாவ்லினா மூக்கைத் துடைத்தாள். “ஆறு வந்துடுச்சுடான்னு யாராவது சொல்லணுமில்ல?”

ஜெனரல் கொட்டாவி விட்டது. எங்கோ வெகு மேலே ஏதோ ஒன்று விழுந்தது போல ஓர் அதிர்வு வந்து போனது. அல்லது எதிர்த் தண்டவாளத்தில் ரயில் திரும்பியிருக்கலாம். ஒருவரும் நிமிரவில்லை.

ஒலிபெருக்கி அபாயம் நீங்கியது என்று சொன்னபோது பாவ்லினா ஏற்கெனவே நடைமேடை விளிம்பில் நின்றிருந்தாள். சிவப்புத் தொப்பிக்காரி கூட்டத்தை விலக்கி அவளை முதல் கதவுக்குக் கொண்டு போனாள். “இவங்களை ஏத்திவிடுங்க, இவங்களை ஏத்திவிடுங்க.” நாய்க்காரரும் நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

ஸோர்யானா ஓனிசிமுக்கு அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. ரயில் நகர்ந்தது. சுரங்கத்தில் தொடர்பு அறுந்தது.

வெளிச்சம் வந்தது. த்னிப்ரோ நிலையத்தில் நின்று, கிளம்பி, ரயில் பாலத்தின் மேல் ஏறியது. ஆறு சாம்பல் நிறத்தில் கிடந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே சாலை.

சாலையில் வண்டிகள் நின்றிருந்தன. முதலில் நெரிசல் என்றுதான் தோன்றியது. அப்புறம் கதவுகள் திறந்திருப்பது தெரிந்தது. ஆட்கள் வண்டியை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, தார்ச்சாலையில் மண்டியிட்டிருந்தார்கள். ரொட்டி வண்டிக்காரன் ஒருவன், கைக்குழந்தையோடு ஒருத்தி, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஒருவன். அவர்களுக்கு நடுவே, ஊரை நோக்கி, நீலமும் மஞ்சளும் கொடி கட்டிய வெள்ளை வண்டி ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது.

“யாரெமா!” என்றாள் பாவ்லினா.

“அம்மா...”

“நிறுத்தச் சொல்லுடி! போறான்! அவன் அந்தப் பக்கம் போறான், நான் இந்தப் பக்கம் போறேன்! நிறுத்தச் சொல்லு!”

ரயில் நிற்காது. அது அவளுக்கும் தெரியும். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அடித்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டிவலி பார்க்காமல், ஓடுகிற ரயிலின் தரையில் மண்டியிட்டாள்.

“ஆறு வந்துடுச்சுடா,” என்றாள். “யாரெமா, ஆறு.”

நாய்க்காரர் நாயைக் கீழே விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். தடித்த உடம்பை மெல்ல இறக்கி அவரும் மண்டியிட்டார். பிறகு எதிர்சீட்டுச் செல்போன்காரி. பிறகு இடம் கிடைத்தவர்கள் எல்லாரும். இடம் கிடைக்காதவர்கள் தலை குனிந்து நின்றார்கள். சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளை வண்டி ஜன்னலுக்கு நேரே வந்தது, கடந்தது, போய்விட்டது.

பாவ்லினாவால் எழ முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

லிவோபெரெஷ்னாவில் இறங்கியபோது ஸோர்யானாவின் போன் அதிர்ந்தது. நடைமேடைத் தூணோரம் நின்று எடுத்தாள்.

“எத்தனை தடவை கூப்பிடறது?” என்றான் ஓனிசிம். “கிடைக்கவே இல்ல. நான் கிளம்பிட்டேம்மா, மன்னிச்சுக்குங்க. வண்டியில இருக்கற இன்னொரு பையனோட வீடு தெற்குப் பக்கம். அவனை முதல்ல இறக்கணும். அதனால தெற்குப் பாலத்து வழியா வந்துட்டேன். ஆத்தைத் தாண்டி ரொம்ப நேரமாச்சு. நீங்க நேரா சவக்கிடங்குக்கு வந்துடுங்க.”

“தெற்குப் பாலமா?”

“ஆமா. ஏன்?”

ஸோர்யானா போனை அணைத்தாள். பாவ்லினா பெஞ்சில் உட்கார்ந்து முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதைப் பார்த்தபடி ஸோர்யானா கொஞ்ச நேரம் நின்றாள். சொல்லாமலே விட்டுவிடலாம். ஆனால் சவக்கிடங்கில் ஓனிசிமே சொல்லிவிடுவான்.

“அம்மா, அது யாரெமாவோட வண்டி இல்ல.”

“எது?”

“பாலத்துல பார்த்தது. அவர் தெற்குப் பாலத்து வழியா போயிட்டாராம். முன்னாடியே.”

பாவ்லினாவின் கை முட்டியிலேயே நின்றது.

“அப்ப நான் யாருக்கு மண்டி போட்டேன்?”

“தெரியலைம்மா. யாரோ ஒருத்தனுக்கு.”

“அவனுக்கு அம்மா இருப்பாளா?”

“இருப்பாங்க.”

எதிர்ப்பக்கம் ஊருக்குப் போகிற ரயில் வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றி, கிளம்பிப் போனது. பாவ்லினா அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெற்குப் பாலத்துல யாராவது மண்டி போட்டிருப்பாங்களா?”

“போட்டிருப்பாங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

ஸோர்யானா பக்கத்தில் உட்கார்ந்தாள். “தெரியாதும்மா.”

பொய்யாக இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாவ்லினா சண்டைக்குப் போயிருப்பாள். அவள் மடியிலிருந்த நாளிதழைப் பிரித்தாள். மண்டியிட்டபோது இரண்டு பூ நசுங்கியிருந்தது. நசுங்காத ஒன்றாகப் பார்த்து உருவி மருமகளிடம் நீட்டினாள்.

“இந்தா, பிடி.”

“எனக்கு எதுக்கு?”

“நீ உயிரோட இருக்கே. பிடி.”

ஸோர்யானா வாங்கிக்கொண்டாள். பாவ்லினா மிச்சத்தை நாளிதழில் மறுபடி சுற்றி, இறுக்கி மடித்தாள். எத்தனை என்று இரண்டு பேருமே எண்ணவில்லை.

“எழுந்திரு,” என்றாள் பாவ்லினா. “டாக்ஸி கூப்பிடு.”