மொக்கம்மாள் வீட்டுச் சித்திரை

விபவ வருஷம் ஐப்பசியில் அனுமந்தன்பட்டி முழுக்க அடைமழை பிடித்திருந்தபோது, மொக்கம்மாள் வீட்டில் மட்டும் சித்திரை வெயில் அடித்தது. மழை அவளுடைய சுற்றுச்சுவர் வரை வந்து நின்றுகொண்டது. சுவருக்கு உள்ளே முற்றத்து மண் காலைச் சுட்டது. தொழுவத்து மாடு நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. உத்தமபாளையத்திலிருந்து வந்த ரெவினியூ இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நின்று பார்த்தார். சட்டை நனைய வேர்த்ததும் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். ஊரார் முதலில் விலகி நடந்தார்கள். பிறகு ஒருத்தி ஈர மிளகாயைக் கொண்டுவந்து, கேட்டுவிட்டு உலர்த்தினாள். அதன்பின் நெல் வந்தது, வடகம் வந்தது, பிள்ளை பெற்ற வீட்டுத் துணிகள் வந்தன. மழைக்காலத்தில் அப்படி ஒரு களம் கம்பம் பள்ளத்தாக்கில் வேறெங்கும் இல்லை.

மொக்கம்மாளின் புருஷன் ராக்கையா நஞ்சைக்காரர், அதிகம் பேசாதவர். பிள்ளை இல்லாத வீடு. முந்தின வருஷம் அவர் சுருளிப்பட்டியில் ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சித்திரையில் காய் வெட்டப் போனவர் வைகாசி கழிந்துதான் திரும்பினார். இங்கே வெக்கையில் மனிதன் இருக்க முடியவில்லை, அங்கே அருவிப் பக்கத்துக் காற்றுக்கு விடியற்காலையில் போர்வை வேண்டியிருக்கிறது என்று சொன்னார். அத்தனை வருஷக் குடித்தனத்தில் வெயிலைப் பற்றியோ காற்றைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மொக்கம்மாள் அதைக் கவனித்தாள்.

அன்றிலிருந்து தெருவில் போகிற பாரவண்டிகளை நிறுத்தி, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், அங்கே வெயில் எப்படி என்று கேட்கத் தொடங்கினாள். போடியில் அனல் காற்று, கூடலூரில் சாரல், ஆண்டிபட்டியில் புழுதி என்று எல்லா ஊர்க் கோடையும் அவளுக்கு அத்துப்படியாயிற்று. ஜெயமங்கலத்தில் இங்கிருப்பதைவிட மோசம் என்று கேட்ட அன்று நன்றாகச் சாப்பிட்டாள். எப்படிப் பார்த்தாலும் சுருளிப்பட்டிக் கோடைக்கு ஈடு இல்லை. ஒரு ஊரின் காற்றின்மேல் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அடுத்த கோடையிலும் ராக்கையா தோப்புக்குப் போய் ஆடி பிறந்தும் திரும்பாதபோது, அங்கிருந்து தேங்காய் ஏற்றி வரும் தவசியை நிறுத்தினாள்.

"தவசி, மறைக்காமச் சொல்லு. அங்கன அவுகளுக்கு வேர்க்குதா?"

தவசி மாட்டைத் தட்டிக்கொடுத்தபடி நின்றான். "வேர்க்கல ஆத்தா. பக்கத்துல உக்காந்து விசிற ஆளு இருக்கு."

தோப்புக்காரர் மகள் மலையம்மாளுக்கு ராக்கையா தாலி கட்டியிருந்தார். மொக்கம்மாள் அழவில்லை. ஆடிக்காற்று பள்ளத்தாக்கு நெடுக ஓலைக்கூரைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அன்று முதல் அவள் முற்றத்துக்குள் மட்டும் அது நுழையவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, அந்த வீட்டுக் கோடை போகவில்லை. தீபாவளிக்கு வந்த ராக்கையா எண்ணெய் தேய்த்த உடம்போடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தாங்க முடியாமல் வண்டி ஏறினார். அவர் வராமல் இருக்க இருக்க வீடு இன்னும் காய்ந்தது. காயக் காய அவர் வருவது இன்னும் குறைந்தது.

சுருளிப்பட்டியில் மலையம்மாளுக்குப் பவுனு பிறந்தாள். தவழும்போதே அவளுக்கு இரைப்பு கண்டது. சாரல் இறங்கினால் நெஞ்சு விசிலடிக்கும், உதடு கறுக்கும். காய்ந்த இடமாகப் பார்த்துக் கொண்டுபோகச் சொன்னார் கம்பத்து வைத்தியர். ஆண்டிபட்டிக்குக் கொண்டுபோனார்கள், புழுதியில் இரைப்பு கூடியது. போடியில் வைத்திருந்தார்கள், அந்த வருஷம் போடியிலும் மழை. ஆடி மாதத்தில் ஈரமும் காற்றும் புழுதியும் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. அது எது என்று எல்லோருக்கும் தெரியும், மலையம்மாளிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. கடைசியில் அவளே வந்தாள். சுவருக்கு வெளியே மழையில் நின்றாள். ராக்கையா வண்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நான் உள்ள வரல அக்கா. பிள்ளைய மட்டும் வாங்கிக்கங்க."

மொக்கம்மாள் குழந்தையைப் பார்த்தாள். ராக்கையாவின் காது, அப்படியே. அவள் இரக்கப்பட்டு வாங்கினாள் என்று ஊர் சொன்னது. அது சரியல்ல. மலையம்மாளிடம் இல்லாதது நம்மிடம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பில்தான் கையை நீட்டினாள். வாங்கித் தோளில் போட்டதும் குழந்தையின் ஈரப் பாவாடை காய்ந்தது. அன்றைக்குப் பவுனு முதல் தடவையாக மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

பிள்ளை அங்கேயே வளர்ந்தது. பெரியாத்தா என்று கூப்பிட்டது, மடியில் ஏறியது, சோறு ஊட்டினால்தான் தின்றது. ஒரு மார்கழிக் காலையில் மொக்கம்மாள் கதவைத் திறந்தபோது முற்றத்தில் பனி கிடந்தது. தண்ணீர்ப் பானை சில்லிட்டிருந்தது. உள்ளே பவுனுவின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. நெஞ்சுக்குள் பொறாமை ஆறினால் வீடும் ஆறும் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிய கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மலையம்மாளை அழைத்துவரத் தவசியை அனுப்பினாள். வந்தவளை முதல் தடவையாக வீட்டுக்குள் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"உங்க ஊருல இப்ப எப்படி இருக்கு? அவுக எப்படி இருக்காக? ஒண்ணு விடாமச் சொல்லு."

மலையம்மாள் மகளின் மூச்சைக் கேட்டாள், மொக்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். மலையில் பனிமஞ்சு இறங்குவதைச் சொன்னாள். ஒரே போர்வையை அவர் இரண்டு பேருக்குமாக இழுத்துப் போர்த்துவதைச் சொன்னாள். தன் கைக் குழம்பைத் தவிர வேறெதுவும் அவருக்கு இறங்குவதில்லை என்று சொன்னாள். மொக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். உச்சிப்பொழுதுக்குள் சுவர் சுட்டது, பவுனு எழுந்து விளையாடப் போனாள். அவள் தாயைத் தாண்டி ஓடிப் பெரியாத்தாவின் முந்தானையைப் பிடித்ததை மலையம்மாள் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஏறினாள். ராக்கையா தோப்புக் குடிசையில் தனியாகப் படுக்கத் தொடங்கி வெகுநாளாகிறது என்பதை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அமாவாசைக்கு அமாவாசை வந்தாள், சொன்னாள், சாப்பிட்டாள், போனாள்.

யுத்தகாலத்தில் அரிசிக்கு ரேஷன் வந்த வருஷம் ராக்கையா காய்ச்சலில் செத்தார். மலையம்மாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அனுமந்தன்பட்டிக்கே வந்துவிட்டாள். இரண்டு பேரும் அதே வீட்டில் அடுப்பு மட்டும் தனித்தனியாக வைத்து, பழைய கதைகளைச் சொல்லியும் கேட்டும் கோடையைக் காப்பாற்றினார்கள். பவுனுவைக் கூடலூரில் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு ஒரு ஆடியில் அவள் தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். வழியெல்லாம் நனைந்து, இரைப்பு திரும்பியிருந்தது. வலி எடுத்தபோது மூச்சு பிடிபடவில்லை. மருத்துவச்சி அன்னத்தாய், இந்த மூச்சை வைத்துக்கொண்டு முக்க முடியாது என்று கையை விரித்தாள். வீட்டில் வெக்கை போதவில்லை. மலையம்மாளிடம் இருந்த கதைகள் எல்லாம் சொல்லித் தேய்ந்துபோயிருந்தன.

"பொய்யாவது சொல்லு" என்றாள் மொக்கம்மாள்.

மலையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாகப் போற அன்னைக்கு அவுக உங்க பேரைச் சொல்லல அக்கா. உங்களக் கூட்டியாரவான்னு நாந்தான் கேட்டேன். யாரதுன்னு கேட்டாக."

மொக்கம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கூரை மூங்கில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. பவுனுவின் மூச்சு நேரானது. பிள்ளை பிறந்து வீரிட்டபோது உள்ளே நிற்க முடியாத அனல். அன்னத்தாய் தொப்புள்கொடியை அறுத்துவிட்டு, கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள்.